கடைசியில் விழுந்தவன்

என் நண்பர் ஒருவர் கம்ப்யூட்டர் எஞ்ஜினியர். ஒரு நாள் பேச்சுவாக்கில், "பத்துப் பகுதிகள் சேர்ந்து ஓடுகிற ஸாஃப்ட்வேரில் எந்தப் பகுதி மூச்சை விட்டதோ, அதுதான் ஸார் குற்றவாளி. வேறு விசாரணை எதற்கு?" என்றார்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். பிணத்தின் பக்கத்தில் நின்றவனே கொலைகாரன் என்று நான் ஒரு கதையை முடித்தால், வாசகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். கதைக்கு ஆகாத நியாயம் உலகத்துக்கு மட்டும் ஆகுமா?

1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி, பிரெஞ்சுக் கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஐரோப்பியரின் ஏரியேன் 5 ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பியது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் திசை திரும்பி, உடைந்து, வெடித்தது. பூமியின் காந்த மண்டலத்தை ஆராயப் போன க்ளஸ்டர் துணைக்கோள்கள் நான்கும் அதோடு போயின.

நண்பரின் சட்டப்படியே விசாரிப்போம். ராக்கெட்டின் புகைவாய்கள் ஏன் ஒரேயடியாகத் திரும்பின? பிரதானக் கம்ப்யூட்டர் கட்டளையிட்டது. அது ஏன் அப்படிக் கட்டளையிட்டது? திசையறியும் கருவி அனுப்பிய பழுதுச் செய்தியைப் பயணக் கணக்கு என்று நம்பிவிட்டது. கருவி ஏன் பழுதாயிற்று? 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் அடைக்கப் பார்த்தது. அதில் 32,767-க்கு மேல் கொள்ளாது. மாற்றுக்கு வைத்திருந்த இரண்டாவது கருவி? அதிலும் அதே ஸாஃப்ட்வேர்தான். ஒரு கணம் முன்பாகவே மூர்ச்சையாகிவிட்டது.

"அகப்பட்டான் திருடன்! அந்த ஒரு வரிதான்" என்பார் நண்பர். இல்லை என்கிறேன் நான். அந்த வரி ஏரியேன் 4-க்காக எழுதப்பட்டது. அந்த ராக்கெட்டின் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளராது. அங்கே அது ஒழுங்காக உழைத்தது. புதிய ராக்கெட்டின் பக்கவாட்டு வேகமோ வெகு சீக்கிரம் ஏறக்கூடியது. இதில் வேடிக்கை என்னவென்றால், தரையை விட்டுக் கிளம்பிய பின் புதிய ராக்கெட்டுக்கு அந்தக் கணக்கே தேவையில்லை! பழைய ஏற்பாடு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைத்தார்கள். பழுது கண்டால் கருவியையே அணைத்துவிடு என்று விதித்ததும் மனிதர்தான். புதிய பாதையின் விவரத்தை அந்தக் கருவியின் தேவைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்தப் பாதையில் கருவியை ஓட்டிச் சோதிக்கவுமில்லை. கணித மேதை ழாக் லூயி லியோன்ஸ் தலைமையில் கூடிய விசாரணைக் குழு, அந்த ஜூலையிலேயே தந்த அறிக்கையில் ஒரு வரியோடு நிற்காமல் இத்தனையையும் எடுத்துச் சொன்னது.

"எல்லாரும் குற்றவாளி என்றால் எவனும் குற்றவாளி இல்லை என்றுதானே ஆகும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லாரும் என்று நான் சொல்லவில்லை. மூன்றே கேள்விகள் கேட்கச் சொல்கிறேன். வாக்குக் கொடுத்தது யார்? எந்த நிலைமைக்காகக் கொடுத்தது? அதை வேறொரு நிலைமைக்கு, கேட்காமல் கொள்ளாமல் தூக்கிக்கொண்டு போனது யார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவனே பொறுப்பாளி. அவன் பெரும்பாலும் விழுந்த இடத்தில் இருக்கமாட்டான்.

இது ராக்கெட்டோடு போகிற விஷயமல்ல. எங்கள் தெரு ரேஷன் கடையில் ஒரு பாட்டிக்கு அரிசி கிடைக்கவில்லை. கடைக்காரர் மெஷினைக் காட்டினார். மெஷின்காரர் நெட்வொர்க்கைக் காட்டினார். போனில் பேசியவர் பாட்டியின் விரலைக் காட்டினார்: ரேகை தேய்ந்துவிட்டதாம். ஆயுள் முழுக்கப் பாத்திரம் தேய்த்த விரலில் ரேகை எப்படி இருக்கும் என்று அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களில் எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

நண்பரின் சட்டம் கடைசியில் வந்து நிற்கிற இடம் இதுதான். குற்றவாளி, அந்தப் பாட்டியின் விரல்!