2 வருட ஒப்பந்தம், 60 நாள் அவகாசம்



பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் உயிரியல், இரசாயனம், பௌதிகம் என்று போஸ்ட்டொக் வேலைகள் ஓயாமல் விளம்பரமாகின்றன. கலாநிதிப் பட்டம் முடித்தவர்களுக்கான ஆய்வு வேலை இது. உலகத் தரமான ஆய்வுகூடம் என்று பெரிசா எழுதியிருக்கும். பக்கத்தில் சின்னதாக, 2 வருடம், 3 வருடம் என்று ஒப்பந்தக் காலம் இருக்கும். எங்கட சனம் முதலாவதை வாசித்துப் பெருமைப்படுகிறது. நாங்கள் இரண்டாவதை வாசிக்கவேணும்.

ஆய்வுக்கான காசு திட்டம் திட்டமாக வருகிறது. திட்டம் முடிந்தால் ஆளும் முடிந்தார். பேராசிரியரின் கதிரை நிரந்தரம், கட்டடம் நிரந்தரம். பரிசோதனையைச் செய்கிற கை மட்டும் தற்காலிகம். நிதி வராமல் போகும் ஆபத்தை நிறுவனம் தொழிலாளியின் தலையில் இறக்கிவைக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வருகிறவருக்கு இது இரட்டைச் சுமை. திறன்சார் தொழிலாளர் விசா பல்கலைக்கழகத்தோடு கட்டப்பட்டது. வேலை போனால் வழமையாக 60 நாள்தான் அவகாசம். அதற்குள் விசா தரக்கூடிய இன்னொரு முதலாளியைப் பிடிக்கவேணும், இல்லையென்றால் வெளியேறவேணும். சுகாதாரக் கட்டணம் ஒரு ஆளுக்கு வருடம் 1,035 பவுண். கணவன், மனைவி இருவருக்கும் 2 வருடத்துக்கு 4,140 பவுண், அதுவும் முற்பணமாக. பரிந்துரைக் கடிதமும் ஒப்பந்த நீட்டிப்பும் ஒரே மேற்பார்வையாளரின் கையில் இருக்கும்போது, சனி ஞாயிறு வேலையைப் பற்றி யார் வாய் திறப்பார்?

"படிச்ச ஆக்கள்தானே, அவையள் என்ன தொழிலாளியளா?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அதே கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறவரைவிட அவர்களுக்குச் சம்பளம் கூடத்தான். ஆனால் நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயம் இருவருக்கும் பொது. அந்தப் பயத்தில்தான் நிர்வாகம் நடக்கிறது.

பயத்தை உடைக்கலாம் என்று கலிபோர்னியா காட்டியது. 2022 நவம்பர் 14 அன்று கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் 48,000 கல்விசார் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களில் போஸ்ட்டொக்குகளும் இருந்தார்கள், வெளிநாட்டு விசாக்காரரும் இருந்தார்கள். டிசம்பரில் போஸ்ட்டொக்குகள் பெரிய சம்பள உயர்வை வென்றார்கள். பட்டதாரி மாணவத் தொழிலாளர்களின் ஒப்பந்தம் அதற்குப் பிறகுதான் முடிவானது. ஒரு பகுதி முதலில் வேலைக்குத் திரும்பியதால் மற்றப் பகுதி பலவீனப்பட்டதா என்ற விவாதம் நியாயமானது. அதையும் நாங்கள் படிக்கவேணும்.

இங்கே எங்களுக்கும் பிடிமானங்கள் உண்டு. தொடர் தற்காலிக ஒப்பந்தங்களில் 4 வருடம் வேலை செய்தவரை, தக்க காரணம் காட்டினாலொழிய, நிரந்தரப் பணியாளராகக் கருதவேணும் என்கின்றன 2002இன் விதிகள். 2 வருடம் முடித்தவர் ஆட்குறைப்பு இழப்பீடு கேட்கலாம். சட்டபூர்வமான வேலைநிறுத்தத்தில் நின்ற நாட்களை, விசாவுக்கான சம்பளமற்ற விடுப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. விசாவில் இருப்பவரும் சங்கத்தில் சேரலாம், மறியலில் நிற்கலாம். இது பலருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது நிர்வாகத்துக்கு வசதி.

ஆகவே உங்கட மச்சானோ தோழியோ இப்படியொரு வேலைக்கு விண்ணப்பித்தால் வாழ்த்துங்கோ. கூடவே மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கோ: நிதி எப்ப முடியும்? நீட்டிப்பை யார் தீர்மானிப்பது? விசாச் செலவை யார் கட்டுவது? வேலை தொடங்குகிற முதல் நாளே சங்கத்தில் சேரச் சொல்லுங்கோ. நீங்கள் ஏற்கெனவே வளாகத்தில் இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு ஒரு ஆய்வாளரையும் ஒரு துப்புரவுத் தொழிலாளியையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வாருங்கோ.

தோழமையுடன்,
ஆசிரியர் குழு