கூடைக்குள் ஒளிந்திருக்கும் லேகியம்

கீமோ ஏற்றும் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் ஒரு ஒயர் கூடை இருக்கும். ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஃபிளாஸ்க், மாற்றுத் துணி. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணமோ, ஊரிலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய லேகியமோ இருப்பதும் உண்டு. மருத்துவர் வரும் நேரத்தில் அந்த டப்பா மட்டும் துணிக்கு அடியில் போய்விடும். ‘தெரிஞ்சா திட்டுவாங்க’ என்ற பயம். அந்த லேகியத்துக்கு அஞ்சுவதைவிட, அதை ஒளிக்கவைக்கும் இந்தப் பயத்துக்கே நாம் அதிகம் அஞ்ச வேண்டும்.

நோயாளி ஏன் வேறு மருந்தைத் தேடுகிறார்? குமட்டல், வாய்ப்புண், தூக்கமின்மை, உள்ளங்கால் எரிச்சல், ‘கரண்ட் வைத்த’ (கதிர்வீச்சு கொடுத்த) இடத்தில் கருத்துப்போன தோல். இவற்றோடு, குழந்தைகள் என்ன ஆவார்கள் என்ற கவலை. நெரிசலான புறநோயாளிகள் பிரிவில் கட்டியைப் பற்றிப் பேசவே நேரம் போதாது; நள்ளிரவுக் குமட்டலைப் பற்றி யாரிடம் பேசுவது? அந்த வெற்றிடத்தில்தான் முள் சீத்தா இலைக் கஷாயமும், கோதுமைப்புல் சாறும், ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்ற வாட்ஸ்அப் எச்சரிக்கையும் வந்து நிற்கின்றன.

துணை வேறு, மாற்று வேறு

துணை மருத்துவம் என்பது அறுவைச் சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு ஆகியவற்றோடு சேர்ந்து நடப்பது. மாற்று மருத்துவம் அவற்றின் இடத்தைப் பிடிப்பது. இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள் இதைக் காட்டின. புற்றுநோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவாத நிலையிலேயே மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 பேருக்கு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால், இறப்பு அபாயம் இரண்டரை மடங்காக இருந்தது.

இரண்டாவது ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. வழக்கமான சிகிச்சையோடு, மருத்துவத் துறை சாராதவர்களிடம் வேறு சிகிச்சையும் பெற்ற 258 பேரை அது ஆராய்ந்தது. அவர்களுக்கும் இறப்பு அபாயம் இரு மடங்கு. காரணம், அவர்களில் 34 சதவீதம் பேர் கீமோவையும் 53 சதவீதம் பேர் கதிர்வீச்சையும் மறுத்திருந்தார்கள். மற்றவர்களில் இப்படி மறுத்தவர்கள் சுமார் 3, 2 சதவீதமே. இந்த மறுப்பைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது இறப்பில் இருந்த வேறுபாடு மறைந்தது. மறுக்கப்பட்ட சிகிச்சைதான் உயிரைக் குடித்திருக்கிறது. மருத்துவமனைக்கு வெளியே கிடைக்கும் ‘துணை’, நோயாளியை எவ்வளவு எளிதாக வெளியே இழுத்துச் சென்றுவிடும் என்பதற்கு இதுவே சாட்சி.

உள்ளே கிடைக்கும் துணைக்கு ஆதாரமும் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் மாத்திரைகளில் ஒரு வகையால் வரும் மூட்டு வலிக்கு அக்குபங்சரை, அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கம் 2022-ல் பரிந்துரைத்தது. சிகிச்சைக் காலத்திலேயே உடற்பயிற்சி செய்வதையும் அதே ஆண்டு வலியுறுத்தியது. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மன ஒருமைப் பயிற்சிகளை 2023-ல் சேர்த்துக்கொண்டது. இவற்றில் எதுவும் கட்டியைக் கரைக்காது. ஆனால், ஆறாவது சுழற்சி கீமோவுக்கும் வந்து உட்காரும் தெம்பைத் தரும்.

நித்தியகல்யாணி சொல்லும் பாடம்

‘இயற்கைதானே, என்ன செய்துவிடும்?’ என்பார்கள். வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் எடுக்கப்பட்டது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது முதன்மையான மருந்து. அதையே மருத்துவர்கள் மில்லிகிராம் கணக்கில் அளந்து ஏற்றுகிறார்கள். இலையை அரைத்துக் குடிப்பவருக்கு அளவு தெரியாது. மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் போர்டிசோமிப் மருந்தை கிரீன் டீயில் உள்ள ஒரு வேதிப்பொருள் முடக்குவதை 2009-ல் ஆய்வகத்தில் கண்டறிந்தார்கள். வெள்ளை அணுக்கள் குறைந்த நேரத்தில் சரியாகக் கழுவாத கோதுமைப்புல்லின் பச்சைச் சாறு தொற்றுக்கு வழிவிடலாம். கடும் பத்தியம் உடல் எடையைக் குறைத்து, அடுத்த கீமோவையே தள்ளிப்போட வைக்கலாம். செந்தூரமோ பற்பமோ எடுப்பவரின் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை முடிவுகள் மாறினால், எதனால் மாறின என்று மருத்துவர் அறிய வேண்டாமா? மறைக்கப்பட்ட மருந்துக்கு யாரும் கணக்கு வைக்க முடியாது.

ஒரே வளாகம், இரண்டு சீட்டுகள்

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பல அரசு மருத்துவமனைகளின் வளாகத்திலேயே சித்த மருத்துவப் பிரிவும், யோகா - இயற்கை மருத்துவப் பிரிவும் இயங்குகின்றன. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஆனால், ஒரு கட்டடத்தில் எழுதிய சீட்டு அடுத்த கட்டடத்துக்குப் போவதில்லை. நோயாளிதான் இரண்டையும் ரகசியமாகச் சுமக்கிறார்.

இதை மாற்ற, முதலில் பதிவின்போதே எல்லா நோயாளிகளிடமும் ‘வேறு ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?’ என்று கேட்டு, பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். அந்தக் கேள்வியில் அதட்டல் இருக்கக் கூடாது. அடுத்து, அரசுப் புற்றுநோய் மையங்களில் உணவு ஆலோசகர், பிசியோதெரபிஸ்ட், மனநல ஆலோசகர், யோகா பயிற்சியாளர், சித்த மருத்துவர் ஆகியோர் அடங்கிய குழு புற்றுநோய் மருத்துவரின் தலைமையில் இயங்க வேண்டும். எதைச் சேர்க்கலாம், எதை நிறுத்த வேண்டும் என்பதில் அவருடைய சொல்லே இறுதி. இந்தச் சேவை இலவசமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வசதியுள்ளவருக்கு யோகா வகுப்பும் ஏழைக்கு வதந்தியும்தான் மிஞ்சும். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி தணிப்புக்காக வீடு தேடிச் செல்லும் செவிலியர்களும் வேறு மருந்து பற்றிய அதே கேள்வியைக் கேட்கலாம்.

சட்டமும் விழிக்க வேண்டும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கப்பட்டது 1954-ல். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடைசெய்யும் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அத்தகைய விளம்பரங்கள் நம் கைபேசிக்கு வருகின்றன.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் அவர்களின் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, கூடைக்கு அடியில் இருக்கும் அந்த டப்பாவை எடுத்து மருத்துவரின் மேசைமேல் வையுங்கள். மருத்துவர்களே, அதைப் பார்த்ததும் கோபப்படாதீர்கள். உங்கள்மீது நம்பிக்கை வைத்ததால்தான் அதை நோயாளி உங்கள்முன் வைக்கிறார்.