ஓட்டத்திடையே மூர்ச்சை: ஆசிரியர் கடமை

புனே நகரின் பாலேவாடி விளையாட்டரங்கில் 2008-இல் காமன்வெல்த் இளைஞர் விளையாட்டுகளும், 2019 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளும் நடைபெற்றன. அத்தகைய அரங்கை எட்டுவோரிற் பலர் பள்ளி மைதானத்தில் பயிற்சி தொடங்கியவர்களே. அம்மைதானத்தில் மாணாக்கர் ஒருவர் மூர்ச்சையுற்று விழுந்தால் முதலிற் காண்பவர் மருத்துவரல்லர். தேகப் பயிற்சி ஆசிரியரே.

வெயிலின் கொடுமையென்றோ, காலையுணவு கொள்ளாமையென்றோ கருதி, முகத்தில் நீர் தெளித்து, மறுநாளே ஓடவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது கைவிடத்தக்கது.

மூர்ச்சை எப்பொழுது நேர்ந்தது என்பதே முதன்மையான வினா. ஓடுகையில் கால் தசைகள் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. ஓட்டம் முடிந்து அசையாது நின்றால் இரத்தம் கால்களில் தேங்கி, மூளைக்குச் செல்லும் அளவு குறைகிறது. இவ்வகை மூர்ச்சை பெரும்பாலும் தீங்கற்றது; படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் விரைவில் தெளியும். ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுவது வேறு. இருதயத் தசையின் தடிப்போ, இருதயத் தமனியின் பிறவிக் குறையோ, துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும் பரம்பரைக் கோளாறோ அதற்குக் காரணமாகலாம். அக்குறையுள்ளவர் பார்வைக்குத் திடகாத்திரமாகவே தோன்றுவர்.

இத்தாலியில் 1982 முதல் போட்டி வீரர்களுக்கு ஈ.சி.ஜி. உள்ளிட்ட பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. எல்லாப் பள்ளிகளிலும் அது இயலாதிருக்கலாம்; ஓட்டத்தினிடையே விழுந்தவரையேனும் பரிசோதிக்கச் செய்வது இயலும். விழுந்த நேரம், அதற்குமுன் மார்புவலியோ படபடப்போ இருந்ததா, குடும்பத்தில் இளவயதில் எவரேனும் திடீரென இறந்ததுண்டா என்பவற்றை ஆசிரியர் குறித்து மருத்துவருக்கு அனுப்புதல் வேண்டும். மருத்துவர் இசைவளிக்கும்வரை மாணாக்கர் மைதானத்தில் இறங்கலாகாது. போட்டி நெருங்கியுள்ளது என்பது இவ்விதியைத் தளர்த்தப் போதிய காரணமன்று.

விழுந்தவர் உணர்வின்றி, இயல்பாக மூச்சுவிடாதிருப்பின், உதவிக்கு ஆளனுப்பிவிட்டு, மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துதல் வேண்டும். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில், ஆட்டத்தின் நடுவே இருதயம் நின்று வீழ்ந்த டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், மார்பு அழுத்தத்தாலும் மின்னதிர்ச்சியாலும் மைதானத்திலேயே உயிர் மீண்டார். 2022-இல் மீண்டும் ஆடினார்.

மின்னதிர்ச்சிக் கருவி எல்லாப் பள்ளியிலும் இல்லை. மார்பை அழுத்தும் முறையோ ஒவ்வோர் ஆசிரியரும் கற்கக்கூடியது. தவறிய பதக்கத்தை அடுத்த ஆண்டு பெறலாம். தவறிய உயிரை மீட்டல் அரிது.