ஆள் சேர்ப்போரைத் தெரிந்தெடுத்தல்

அரியலூர்ப் பக்கத்தில் சிமெண்டு ஆலைகளும், பெரம்பலூர்ப் பக்கத்தில் டயர் ஆலையும் இன்று நடைபெறுகின்றன. இத்தகைய ஆலைகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பாரும் உளர். நாளை முதலாளிகளாகவும் மானேஜர்களாகவும் அமரப்போகும் நம் மாணவ நண்பர்கள் அவர்களை எங்ஙனம் தெரிந்தெடுப்பது?

இவ்வூர்கள் முன்னர்த் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. அந்த ஜில்லாவினின்றும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டியவர் கங்காணிகள். துரைமார் கொடுத்த முன்பணம் கங்காணியின் கைவழியே சென்று, தொழிலாளியின் தலைமேற் கடனாக ஏறிற்று. கடன் தொகை குறித்த ‘துண்டு’ச் சீட்டோடு குடும்பங்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்டன. 1904-இல் தோட்டத்தார் திருச்சிராப்பள்ளியில் நிறுவிய தொழிற் கமிஷனும் கங்காணிகளைக் கொண்டே ஆள் சேர்த்தது. துண்டு முறை 1921-இலேதான் சட்டத்தால் ஒழிந்தது.

இதனால் நாம் அறியத்தக்கது யாது? ஆள் சேர்ப்பவருக்கு ஊதியம் எவரிடமிருந்து வருகின்றது என்று முதற்கண் வினவுக. வேலை தேடி வருவோரிடம் பணம் பெறுவாரை விலக்குக. சேர்ப்புச் செலவை முதலாளியே ஏற்றுக்கொள்க. வேலையின் கடுமையையும் சம்பளத்தையும் மறையாது முன்னரே எழுதிக் கொடுக்க. வந்தவரை நேரிற் கண்டு, அவர் கேட்டறிந்தது இதுதானா என்று உசாவுக. இடைநின்றவர் செய்த பிழைக்கு ‘யான் அறியேன்’ என்பது விடையாகாது. அவரைத் தெரிந்தெடுத்தவர் நாமே அன்றோ!