தாளும் சான்றாகும்

காத்திவாக்கம், சென்னையின் வடபால், எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி அமைந்த ஊர். கடலை நம்பிய மீனவரும் ஆலைத் தொழிலாளரும் அங்கு ஒருங்கே வாழ்கின்றனர். நகராட்சியாக விளங்கிய அவ்வூர், 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. 1970-இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. இவ்வாறு மாறிவரும் ஊரில் உழைத்தோர் வீட்டுப் பரணில் கிடக்கும் சம்பளச் சீட்டும், சங்கத் துண்டறிக்கையும், கடிதமும் பழைய தாள் கடைக்கே உரியனவா?

இவ்வினாவிற்கு வார்சா நகரம் விடை கூறுகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாசி ஆட்சியினர் ஏறத்தாழ 60 இலட்சம் யூதரைக் கொன்றனர். வார்சாவில் மதிலுக்குள் அடைபட்டிருந்த இம்மானுவேல் ரிங்கல்புளூம் என்னும் வரலாற்றறிஞர், 1940-இல் ஒரு குழுவை அமைத்து, நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் திரட்டினார். உணவுப் பங்கீட்டுச் சீட்டும் மிட்டாய் உறையும்கூட அத்தொகுப்பில் இடம்பெற்றன. குழுவினர் அவற்றைத் தகரப் பெட்டிகளிலும் பாற்கலங்களிலும் இட்டு மண்ணில் புதைத்தனர். 1944-இல் ரிங்கல்புளூம் கொல்லப்பட்டார். ஆனால் 1946-இலும் 1950-இலும் அத்தாள்கள் வெளிப்பட்டன. கொன்றவரின் கணக்கேடு மட்டும் எஞ்சியிருப்பின், மாண்டவர் வெறும் எண்களாகவே நின்றிருப்பர் அன்றோ?

அக்கொடுமைக்கு ஒப்புமை கூறுதல் தகாது. ஆயினும், எளியோர் வாழ்வுக்கு எளிய தாளே சான்று என்னும் உண்மை எங்கும் ஒன்றே.

அச்சான்றைக் காக்கத் தனியொருவர் ஆர்வம் மட்டும் போதாது. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக அறிவிப்புகளையும் திருமண அழைப்பிதழ்களையும் வாழ்நாள் முழுதும் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தபின், சிக்காகோப் பல்கலைக்கழகம் 1994-இல் அத்தொகுப்பை வாங்கியது. அயல்நாட்டுக்குக் கொண்டு செல்லாது சென்னையிலேயே நிலைபெறச் செய்தது. இன்று தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதனைக் காத்து வருகிறது. தனியார் தேடல் விதை. நிறுவனத்தின் காவல் வேலி. வேலியில்லாப் பயிர் விளைவதில்லை.

கணினியில் யாவும் கிடைக்கும்போது பழந்தாள் எதற்கு என்பர் சிலர். யாரோ ஒருவர் காத்து வைத்ததையே கணினியும் காட்ட இயலும்; கறையான் தின்றதை அது காட்டாது. கடற்கரையின் உப்புக்காற்றோ தாளுக்குப் பகை. ஆதலின், காத்திவாக்கத்து இளைஞர் தம் முதியோரிடம் உள்ள தாள்களைக் கேட்டறிந்து, நாளும் பெயரும் குறித்து, தக்க ஆவணக் காப்பகத்தில் சேர்ப்பித்தல் வேண்டும். உழைத்தோர் பெயர் அழியாது நிற்றல் ஊருக்கும் பெருமை, நாட்டிற்கும் நன்மை.