தட்டில் கேழ்வரகு, கிணற்றில் தண்ணீர்

ஆடி பிறந்துவிட்டால் கலவை வட்டாரத்தில் மாரியம்மன் கோயில்தோறும் கூழ் ஊற்றுகிறார்கள். அந்தக் கூழுக்கான கேழ்வரகு உங்கள் நிலத்தில் விளைந்ததா, கடையில் வாங்கியதா என்று எண்ணிப் பாருங்கள். களியும் கூழும் அன்றாட உணவாக இருந்தவரை கேழ்வரகு இங்கே கொல்லைப் பயிர். தட்டில் அரிசிச் சோறு மட்டும் என்றானபின் கிணற்றுப் பாசனத்திலும் நெல்லே நடுகிறோம்.

நெல்லுக்குச் சுமார் 1,200 மி.மீ. நீர் வேண்டும், கேழ்வரகுக்கு 350 மி.மீ. அளவே போதும். ஒரு ஏக்கர் நெல்லுக்கு இறைக்கும் நீரில் மூன்று ஏக்கர் கேழ்வரகு விளையும். நீர் தேங்கிய வயலில் இருந்து வெளியேறும் மீத்தேன் புவி வெப்பத்தைக் கூட்டுகிறது. கேழ்வரகில் அந்தச் சிக்கல் இல்லை.

நல்ல தண்ணீரின் அருமையை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவால் இப்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் சாகுபடிக்கு முழுமையாகவோ ஓரளவோ தகுதியற்றதாகிவிட்டது என்ற வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வை 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. கெட்ட நீரைச் சீராக்குவது நம் கையில் மட்டும் இல்லை. மிஞ்சியிருக்கும் நல்ல நீரைச் சிக்கனமாகச் செலவிடுவது நம் கையில்தான் இருக்கிறது.

"கட்டுப்படியாகுமா?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை கேழ்வரகுக்குக் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். பொது ரக நெல்லுக்கு 2,369 ரூபாய். விலை இரு மடங்கு என்றாலும் ஏக்கர் மகசூல் நெல்லைவிடக் குறைவு. அறுவடைக்கும் ஆள் கூலி கூடுதல். ஆகவே நெல்லை அடியோடு விட வேண்டாம். ஏரி நிரம்பும் பட்டத்தில் நெல் நடுங்கள். கிணற்றை மட்டும் நம்பும் பட்டத்தில் ஒரு பகுதியையாவது கேழ்வரகுக்கு ஒதுக்குங்கள். நெல்லிலும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் குறையும். விதைக்கும் ஆலோசனைக்கும் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தையும், அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையத்தையும் அணுகலாம்.

அரசும் தன் பங்கைச் செய்ய வேண்டும். தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் 2023 முதல் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தருகிறார்கள். ராணிப்பேட்டை மாவட்டத்திலும் அதைத் தொடங்கி, இங்குள்ள விவசாயிகளிடமே ஆதரவு விலைக்குக் கொள்முதல் செய்ய வேண்டும். வாங்க ஆள் இருந்தால் விதைக்க நாம் தயங்க மாட்டோம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள்.