கணனியில் பெயர் இல்லை

சில காலத்திற்கு முன் ஒரு தாய் தன் மகளையும் கூட்டிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். இடம்பெயர்ந்து, பல ஊர் மாறி, ஈற்றில் சொந்த ஊரிலேயே வந்து குடியேறிய விவசாயக் குடும்பம். வயலுக்குக் கொடுக்கப்படும் உதவிப் பட்டியலில் தமது பெயர் இருக்கிறதா என்று அறிய அலுவலகம் ஒன்றுக்குப் போயிருக்கிறார். பெயரை அடித்துப் பார்த்தார்களாம், இல்லை. அடையாள அட்டை இலக்கத்தை அடித்துப் பார்த்தார்களாம், அதுவும் இல்லை. "கணனியே இல்லையெண்டு சொல்லுது சுவாமி. இனி ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?" என்றார்.

மறுநாள் மூவருமாகப் போனோம். பட்டியலின் பிரதி ஒன்று அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. எட்டாந் தரத்தில் படிக்கும் அந்த மகள் விரலை வைத்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. "இது அம்மாவாத்தான் இருக்க வேணும். ஆனா இந்த இலக்கத்தின்படி அம்மா ஒரு ஆம்பிளை" என்றாள்.

உங்கள் பழைய அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாம் நாளிற் பிறந்தீர்கள் என்பது. மாசிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்படும். பங்குனி 3 ஆந் திகதி பிறந்த ஆணுக்கு 063, பெண்ணுக்கு 563. 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்க அட்டையில் ஆண்டு முழுமையாக வருகிறது, நாட்கணக்கு அதேதான். பட்டியலைப் பதிந்தவர் 5 ஐ அடிக்க வேண்டிய இடத்தில் 0 ஐ அடித்துவிட்டார். பெயரையும் ஆங்கிலத்தில் வேறு விதமாக எழுத்துக்கூட்டியிருந்தார். கணனி பொய் சொல்லவில்லை. தனக்குத் தரப்பட்டதைத்தான் சொன்னது.

இதை எங்கே படித்தாய் என்று கேட்டேன். வகுப்பில் ஆசிரியை கரும்பலகையில் எழுதிக் காட்டினாராம், பிள்ளைகள் தங்கள் தாய் தந்தையரின் இலக்கத்தைக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தார்களாம். அந்தப் பாடசாலையில் கணனிகள் இல்லாமல் இல்லை. உறை போட்டு, அறையைப் பூட்டி, பழுதாகாமல் பாதுகாக்கிறார்கள்!

ஆறாந் தரத்திலிருந்து ஒன்பதாந் தரம் வரையான பிள்ளைகளுக்குக் கணனிக் கல்வி எதற்கு என்று எமது பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. கூரைக்குத் தகரம் இல்லை, காணிக்கு உறுதி இல்லை, இதில் கணனி வேறா என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நிவாரணமும் காணிப் பதிவும் வங்கிக் கடனும் எந்த இயந்திரத்தினூடாக வருகின்றனவோ, அதைக் கேள்வி கேட்கத் தெரியாத குடும்பத்திற்குக் கூரைத் தகரமும் பிந்தித்தான் வரும். காணி உறுதி தொலைந்தவர்களுக்கு, ஒரு பட்டியலில் ஓர் எழுத்து மாறினால் என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வேறு சில பெற்றோர் கடன்பட்டாவது பிள்ளையைத் தனியார் வகுப்புக்கு அனுப்புகிறார்கள். மூன்று மாதத்தில் கடிதம் அடிக்கவும் படம் ஒட்டவும் பழக்கி, ஒரு சான்றிதழும் கொடுத்துவிடுவார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது கணனிக் கல்வியின் ஓரம் மட்டுமே. இங்கிலாந்திலும் நெடுங்காலம் இப்படித்தான் நடந்தது. அங்குள்ள றோயல் சொசைற்றி 2012 இல் வெளியிட்ட அறிக்கையில், மென்பொருளைப் பாவிக்கப் பழக்குவது வேறு, கணனி எப்படி இயங்குகிறது என்று கற்பிப்பது வேறு என்பதை எடுத்துச் சொன்னது. 2014 செப்டெம்பரில் பாடத்திட்டமே மாற்றப்பட்டது. ஐந்து வயதிலிருந்தே பிள்ளைகள் கட்டளைகளை ஒழுங்குபடுத்தி எழுதக் கற்கிறார்கள்.

அது பணக்கார நாடு, எமக்கு ஆகாது என்று சொல்ல வேண்டாம். நியூசிலாந்தில் பணியாற்றிய ரிம் பெல் என்பவரும் அவரோடு சேர்ந்த இயன் விற்றன், மைக் பெலோஸ் ஆகியோரும் 1990களிலேயே கணனி இல்லாமல் கணனியியலைக் கற்பிக்கும் விளையாட்டுக்களைத் தொகுத்தார்கள். பிஸ்கற் பெட்டி மட்டையில் ஐந்து அட்டைகளை வெட்டி 1, 2, 4, 8, 16 என்று புள்ளிகள் இடுங்கள். சிலவற்றைக் காட்டி, சிலவற்றைக் கவிழ்த்து வைத்தால் 0 முதல் 31 வரை எந்த எண்ணையும் காட்டலாம். கணனி தன் எண்களை எல்லாம் வைத்திருப்பதும் இந்த முறையில்தான். இன்னொன்று: 1 இற்கும் 1000 இற்கும் இடையில் ஓர் எண்ணை மனதில் நினையுங்கள். "500 இற்கு மேலா?" என்று ஒவ்வொரு தடவையும் பாதியாக வெட்டிக்கொண்டு போனால், பத்துக் கேள்விக்குள் பிள்ளை கண்டுபிடித்துவிடும். விளக்கு வெளிச்சத்தில் இரவிலும் விளையாடலாம்.

எமது தகப்பன்மாருக்கு இது புதிதுமல்ல. "துருசைத் திற. கடைசி வயலுக்குத் தண்ணீர் சேரும்வரை விடு. சேர்ந்ததும் மூடு." இது ஒரு நிரல்தான். இதைப் பிள்ளையிடம் சொல்லி, இடையில் மழை கொட்டினால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். மனிதன் தானாக ஓடிப்போய் மூடுவான். கணனி மூடாது, மழையைப் பற்றி அதற்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்த விடுபாட்டைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பாடத்தின் பாதி.

இதைச் சாட்டாக வைத்து, கணனியே வேண்டாம் என்று எந்த அதிகாரியும் சொல்லிவிடக் கூடாது. விசைப்பலகையை ஒருநாளும் தொடாத பிள்ளைக்கு அதைக் கண்டால் பயம் வரும். அந்தப் பயம் பிறகு நேர்முகப் பரீட்சைவரை கூடவே போகும். வீட்டில் கைத்தொலைபேசி இருக்கிறதே என்பதும் பதிலாகாது. அதிற் படம் பார்க்கப் பழகிய பிள்ளை படம் பார்க்கத்தான் பழகியிருக்கிறது.

அன்று அலுவலகத்தில் அந்த உத்தியோகத்தர் பிழையை ஏற்றுக்கொண்டார். 0 ஐ அழித்து 5 ஐ அடிக்க அவருக்கு ஒரு நிமிடங்கூட எடுக்கவில்லை. திரும்பி வரும் வழியில், மகளின் பாடசாலையில் அபிவிருத்திச் சங்கக் கூட்டம் எப்போது என்று தாய் விசாரித்தார். இதுவரை அவர் ஒரு கூட்டத்திற்கும் போனதில்லை. என்ன கேட்கப் போகிறீர்கள் என்றேன்.

"அந்தக் கணனி அறைத் திறப்பு ஆரிட்டை இருக்குதெண்டு கேக்கப் போறன்" என்றார்.